புனிதவதி என்னும் திருப்பெயர்

சைவ நன்மக்கள் தம் பெண்மகவுக்குப் புனிதவதி எனப் பெயரிடுதல் இன்றும் உண்டு. புனிதம் என்பது, தூய்மை செய்தலைக் குறிக்கும் 'பூ' என்னும் வடமொழிப் பகுதியிற் பிறந்த சொல். பவித்திரம் என்பதும் அப்பகுதியினின்று வந்ததே. வதி என்பது உடையாள் எனப் பொருள்தரும் பெண்பாலீறு. சொல்லாராய்ச்சி இவ்வளவே. ஈண்டு யாம் வினவப் புகுந்தது, ஒருவர்க்கு இட்ட பெயர் அவர் உடம்பினைச் சுட்டுமோ உயிரினைச் சுட்டுமோ என்பதாம்.

காரைக்காலில் வணிகர் தலைவன் தனதத்தன் மகளார்க்கு இப்பெயர் உரியதாயிற்று. இறைவனருளால் அவர் கையில் மாங்கனி வரக்கண்ட கணவன் பரமதத்தன், அவரை மனைவியெனக் கருத அஞ்சிக் கடல்வாணிகத்தை ஏதுவாக்கி நீங்கினான்; பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான்; பிறந்த பெண்மகவுக்குத் தான் துறந்தாரது பெயரையே இட்டான். தெய்வமென்று அறிந்தமையால் இட்டேன் என்பது பின்னர் அவன் கூறிய காரணம். அதனைப் பொய்யென யாம் கூறோம். ஆயினும், தெய்வமென மதித்தாரைக் காரைக்காலிற் காத்திருக்கவிட்டு, ஓர் ஓலைதானும் விடுக்காது, அவர் பெயரை மட்டும் தன் மனையில் வைத்து அழைத்து மகிழ்ந்தது எங்ஙனம் அறமாகும்? சேக்கிழார் பெருமான் அவனை ஒரு சொல்லாலும் கடிந்திலர். எமக்கோ அத்துணைப் பொறுமை இல்லை.

சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையிற் கொணர்ந்தபோது, அவன் மனைவியோடும் குழவியோடும் வந்து அடிவீழ்ந்தான். அப்பொழுதே அம்மையார், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். அதன்பின் தாம் அருளிய அற்புதத் திருவந்தாதியின் முடிவில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே கூறினார்.

தூய்மையுடையார் பேயெனப்படுதல் இழுக்கன்றோ எனின், அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்தத் துணிபு. தந்தையையும் கணவனையும் சார்ந்துழி ஒரு பெயர். சுடுகாட்டில் ஆடும் பெருமான் திருவடியைச் சார்ந்துழி, அவன் கணத்துள் ஒருவராதலின், மற்றொரு பெயர். தூய்மையாவது மலநீக்கமேயன்றித் தோலின் பொலிவன்று. ஆகவே புனிதவதி என்னும் சொல் பொருள் நிரம்பியது, அம்மையார் அதனை விடுத்த பின்னரேயாம். தலையால் நடந்து கயிலை புக்காரை, தாயிலியாகிய இறைவன் "அம்மையே" என்றழைத்தான். மகட்குத் தந்தை பெயரிடுதல் உலகவழக்கு. ஈண்டு உலகெலாம் ஈன்ற தந்தை தன் அடியாரைத் தாயாக்கிப் பெயரிட்டான்.

பழம்பெயர் பாண்டிநாட்டுக் குழவியின்பால் நின்றது. அச்சிறுமி பின்னர் எங்ஙனம் வாழ்ந்தாள் எனப் புராணம் கூறிற்றிலது.