போகிற வழியில்

வெகுதூரம் காரில் போகிறவர்கள் இடையிலுள்ள ஊர்களில் உறவினர் வீடுகளில் இறங்கி ஏறுகிறார்கள். இதை ஒரு தார்மிகப் பிரச்னையாக யாரும் கருதுவதில்லை. லௌகீகம், சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நவீன எழுத்தோடு சம்பந்தப்பட்ட நமக்கோ, குடும்பம் என்றால் புழுக்கம், தப்பித்தல் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் ஓடுவதில்லை. ஆனால் ‘போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்தால், அதில் அவமதிப்பும் பந்தமும் சரிபாதியாகக் கலந்திருப்பது தெரிகிறது. உனக்காகக் கிளம்பி வரவில்லை என்று ஒரு பாதி சொல்கிறது. உன்னைத் தாண்டிப் போக முடியவில்லை என்று மறு பாதி. இதில் எந்தப் பாதிக்கு நாம் பொறுப்பேற்கிறோம் என்பதுதான் கேள்வி.

இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்தை வள்ளுவர் அடுக்கும்போது விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியாகவே வைக்கிறார். விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றுக்கு இதே சொல்லைத்தான் பெயராக இட்டிருக்கிறது. குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், அறத்துப்பால். சுற்றந்தழால் 53ஆம் அதிகாரம், பொருட்பாலில், அரசனுக்குச் சொன்னவற்றின் நடுவே. முன்பின் அறியாதவனுக்குச் சோறிடுவது அறம். சொந்தக்காரர்களை விட்டுவிடாமல் தழுவி வைத்திருப்பது கிட்டத்தட்ட ராஜ்ய விவகாரம் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. காரிலிருந்து இறங்குகிற உறவினன் இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் நிற்கிறான். விருந்தாளியாக இருக்கும் அளவுக்கு அவன் புதியவன் அல்ல. உடனிருப்பவனாக எண்ணும் அளவுக்கு அவன் அங்கே இருந்ததும் இல்லை.

1795இல் நிரந்தர சமாதானம் குறித்து எழுதிய காண்ட், அந்நியனுக்கு ஓரிடத்தில் வந்து நிற்க உரிமை உண்டு, விருந்தாளியாக நடத்தப்பட உரிமை இல்லை என்று வரையறுத்தார். அவருடைய கவலை வருகிறவனின் உரிமை எதுவரை என்பது. உறவில் விஷயம் தலைகீழ். இங்கே உரிமை வீட்டிலிருப்பவருடையது. அந்நியன் நம் ஊரைக் கடந்து போனதற்காக நாம் வருத்தப்படுவதில்லை. ‘எங்க ஊர் வழியாத்தானே போனீங்க?’ என்று உறவுதான் கேட்கும். வருஷக் கணக்கில் வராமலிருப்பதை மன்னித்துவிடுகிற அதே மனிதர்கள், தாண்டிப் போனதை மன்னிப்பதில்லை. தூரம் ஒரு காரணமாகலாம். சமீபத்தில் இருந்தும் நிற்காமல் போனதற்குக் காரணம் என்று எதைச் சொல்வது?

இந்தத் தாண்டிப்போதலின் அர்த்தத்தைச் சாலையே மாற்றிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்துகொண்டிருந்த 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தென்பகுதி, 2010இன் எண் மாற்றத்தில், ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44ஆம் எண் சாலையின் பகுதியாகிவிட்டது. எண் மட்டும் மாறவில்லை. மதுரைக்குத் தெற்கே கோவில்பட்டி வழியாகப் போவது என்றால் ஒரு காலத்தில் கோவில்பட்டிக்குள் போவது. கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் கண்ணில் படும். தெரிந்தவர்கள் கண்ணில் நாமும் படுவோம். நான்குவழிச் சாலையில் ஊர் என்பது ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு அம்புக்குறி. புறவழி ஊரை மட்டும் விலக்கவில்லை, குற்றத்தையும் விலக்கிவிட்டது. இப்போது நாம் யாரையும் தாண்டிப் போவதில்லை. சாலைதான் தாண்டிப் போகிறது. நாம் சாலையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை ஒரு விடுதலை என்று சொல்லலாம். நிர்ப்பந்தம் போய்விட்டது, இனி இறங்குகிறவன் பிரக்ஞைபூர்வமாகத் தேர்ந்து இறங்குகிறான், ஆகவே அவனுடைய வருகை பழைய சம்பிரதாயத்தைவிட உண்மையானது என்ற வாதம். நம்மில் பலர் இதை ஒப்புக்கொள்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தேர்வு நட்பின் குணம். நான் தேர்ந்தெடுக்காதவர்கள் என்பதுதான் உறவினர்களின் ஸ்வரூபமே. பிடித்தவர்கள் வீட்டுக்கு மட்டும் அம்புக்குறியைப் பார்த்துத் திரும்புகிறவன் உறவினர்களில் சிலரை நண்பர்களாக்கிக்கொள்கிறான். மற்றவர்களை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறான். என் ருசிக்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் என்மீது பாத்தியதை கொண்டாட முடியும் என்பது, சுயத்தையே சுற்றிச் சுற்றி வரும் நம் போன்றவர்களுக்கு மிச்சமிருக்கிற சில திறப்புகளில் ஒன்று. அதையும் அடைத்துவிடுவது விடுதலையாகாது.

ஆனால் கடமைக்காகப் போனால் போதுமா? என் உறவில் ஒரு பெரியம்மா. முழங்கால் வலியால் வீட்டைவிட்டு நகர்வதில்லை. வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘ஒன்றும் வேண்டாம் பெரியம்மா, நேரமில்லை, தண்ணி போதும்’ என்பார்கள். சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நாகரிகம். அவர்கள் போனபின் அவர் சொல்வது: ‘பார்க்க வரல, கொடுத்துட்டுப் போக வந்திருக்காங்க.’ மார்ஸெல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதியதில் கொடுப்பது, திருப்பித் தருவது இரண்டோடு, பெற்றுக்கொள்வதும் ஒரு கடமை என்று நிறுவினார். பெரியம்மா மாஸைப் படித்ததில்லை. படித்த நாம் பழக்கூடையோடு போகிறோம். கொடுத்துவிட்டு எதையும் வாங்காமல் திரும்பினால் கொடுத்தது பிச்சையாகிவிடுகிறது. வெளியே போக முடியாதவரிடம் கொடுப்பதற்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் இருக்கிறது. அதை மறுப்பதில், உனக்குக் கடன்பட மாட்டேன் என்ற அறிவிப்பு இருக்கிறது. உறவு என்பது தீராத கடன்களின் கணக்குதான் என்றால், கடனே படாதவன் உறவினனாக வரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும், பொய்யாகவும் முடியும். அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவர் பெரியம்மா அல்ல, அவருடைய மருமகள். கூடத்தில் பாத்தியதையும் பாசமும் பேசப்படும்போது அடுப்படியில் இரண்டாவது உலை வைப்பவள் அவள். வந்திருப்பவர்கள் அவளுடைய மனிதர்களே அல்ல. பெயரளவில் நான் கடன்படுவது பெரியம்மாவிடம், வாஸ்தவத்தில் இவளிடம். அவள் பிறந்த ஊர் வழியாக யாராவது போனார்களா, அவளை யாராவது ஒரு எட்டு கூட்டிக்கொண்டு போனார்களா என்ற கேள்வியைக் கூடத்தில் எவரும் எழுப்புவதில்லை. பெற்றுக்கொள்வது கடமை என்று சொல்லி வயிறு நிறையச் சாப்பிடுகிறவன், ஒருத்தியின் கௌரவத்தை இன்னொருத்தியின் முதுகில் ஏற்றி வைக்கிறான்.

திதி பார்க்காமல் வருகிறவன் அதிதி என்று பதப்பொருள் சொல்வார்கள். அந்தத் திடீர் வருகையின் மகத்துவத்தை வியந்தவர்கள் அடுப்பு மூட்டாதவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவதால் அதிதி இறந்துபோகலாம், போகட்டும். நான்கு பேர், இரவு தங்குகிறோம், இருப்பது எதுவோ அது போதும் என்று சொல்லும்போது புதுமை குறைகிறது, நியாயம் கூடுகிறது. அவளிடமே பேசிச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்படியானால் உண்மையான வருகைக்கு அடையாளம் என்ன? கொண்டுபோன பொருளும் அல்ல, உட்கார்ந்த நேரமும் அல்ல. அந்த வீட்டில் நின்றதால் பயணம் மாறியதா என்பதே. இருட்டுவதற்குள் போய்ச் சேர நினைத்த இடத்துக்கு மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தோமா, ஒரு கோவிலோ அருவியோ பட்டியலிலிருந்து விழுந்ததா? அட்டவணையில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துவிட்டு வந்த வீடு, நாம் தாண்டி வந்த வீடுதான். நஷ்டத்தின் ஒரு பகுதியாவது வருகிறவன்மேல் விழ வேண்டும். முழுக்க அடுப்படியின்மேல் விழுகிறவரைக்கும், போகிற வழியில் என்ற வாக்கியத்தின் முதல் பாதியைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.