குணமடைதலும் தூய்மையும்

நோய் நீங்குதல் என்றால் அதன் வித்து தேகத்தை விட்டு முற்றும் அகலுதல் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பாவம் நீங்குதலையும் அவ்வண்ணமே எண்ணிப் பழகியிருக்கிறோம். இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருங்கே அசைத்துப் பார்க்கும் வியாதி ஒன்று உண்டு. மோனோநியூக்ளியோசிஸ் என்று வைத்திய நூல்கள் கூறும் அந்தச் சுரப்பிக் காய்ச்சல், பெரும்பாலும் யௌவனப் பிராயத்தினரைப் பற்றி, தொண்டையைப் புண்ணாக்கி, கழுத்தில் நெறி கட்டச் செய்து, மண்ணீரலை வீங்க வைத்து, ஜுரம் தணிந்த பின்னும் வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், எழுந்து நடமாடவும் திராணியற்ற அயர்ச்சியில் கிடத்திவிடுகிறது.

இதனை உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், 1964-இல் லண்டனில், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்தவர்களின் கண்ணில் பட்டது. இக்காய்ச்சலோடு அதற்குள்ள சம்பந்தமோ, பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஒரு பெண் தாமே நோயுற்று, முன்பு அந்த வைரஸின் சுவடே காணாதிருந்த அவர் இரத்தம் பின்பு அதற்கான சாட்சியத்தைக் காட்டிய பிறகே, 1968-இல் வெளியாயிற்று. வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வைரஸைத் தாங்கியிருக்கிறார்கள் என்பதும், குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே இராது என்பதும் இன்று தெரிந்த விஷயங்கள். குணமடைந்தவரின் இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையினுள் அது ஆயுள் முழுதும் உறங்குகிறது. வேறொரு வகை வெள்ளணுக்கள் ஓயாமல் அதைக் கண்காணிக்கின்றன.

மனத்தின் கிலேசங்களுக்கு நான்கு நிலைகளைக் கூறிய பதஞ்சலி முனிவர், அவற்றுள் முதலாவதாக வைத்தது உறக்க நிலையை. யோகியானவன் அக்கிலேசங்களின் வித்துக்களை வறுத்து, மீண்டும் முளையாதபடி செய்ய முயல்கிறான். தேகத்துக்கு அந்தச் சித்தி வாய்க்கவில்லை. ஆயினும் அந்த வைரஸைச் சுமந்தபடியே உழுபவனையும் கற்பிப்பவளையும் ஆரோக்கியவான்கள் என்றே சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம். கோபத்தை வேரோடு களையாவிட்டாலும் அதைக் காவலில் வைத்து வாழ்கிறவனை நல்லவன் என்று சொல்லத் தயங்குவதற்கும் எனக்கு நியாயம் தோன்றவில்லை.

நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து பூர்வ ஜன்ம வினையைப் பற்றிப் பேசும் வழக்கத்தை நான் கொடுமையென்றே கருதுகிறேன். உமிழ்நீர் வழியே பரவும் இத்தொற்றை, தம்முள் அது இருப்பதையே அறியாத ஒருவர், பெரும்பாலும் அன்பின் நெருக்கத்தில், தந்துவிடுகிறார். கொடுத்தவரிடமும் குற்றமில்லை, பெற்றவரிடமும் இல்லை. பரீட்சைக் காலத்தில் எழ முடியாமல் படுத்திருக்கும் மகனைச் சோம்பேறி என்று கடியும் தகப்பனாருக்கும் இதுவே என் விண்ணப்பம்: வைரஸைக் கொல்லாத ஆன்டிபயாடிக்குகளை வற்புறுத்திக் கேளாதீர்கள், அவற்றுள் ஆம்பிசிலின் போன்றவை இந்நோயில் உடம்பெங்கும் தடிப்பை எழுப்பக்கூடும், வைத்தியர் அனுமதிக்கும்வரை பளு தூக்கவும் மோதி விளையாடவும் விடாதீர்கள், அவன் உறங்கட்டும், நீர் நிறையப் பருகட்டும், இடப்புற மேல்வயிற்றில் திடீரென வலி கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ, அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.