மேடு தேடிப் போகிறவள்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கோடு இருந்தது. தரையிலிருந்து நாலரை அடி உயரம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற அளவு அது. தண்ணீர் வடிந்தபோது சேறு அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அடுத்த பொங்கலுக்கு முன்பே சுண்ணாம்பு அடித்து அதை மறைத்தேன். எட்டாண்டுகள் கழித்து மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் மறுபடி உள்ளே வந்து முழங்காலளவு நின்றது. அந்தக் கறையையும் பெயிண்ட் அடித்து மறைத்தேன். இப்போது இந்த வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போவது என்று முடிவெடுத்திருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா? சில மாதங்களாக என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

2015 வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேருவது எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்களை முக்கியது அந்தத் தண்ணீர் அல்ல. ஆதனூர், மணிமங்கலம் என்று மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்து, மண்ணிவாக்கம் கடந்து, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்த தண்ணீர். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இரண்டு இரவுகள் இருந்தோம். பிறகு மீனவர்கள் கொண்டுவந்த படகில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அம்மா தன் மாத்திரை டப்பாவை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டை 2011இல் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் சம்பளத்தில், தன் பெயரில் பத்திரம் பதிந்த முதல் வீடு. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை. விற்றவர், "நல்ல காத்தோட்டமான இடம்மா" என்றார். அது உண்மை. ஆற்றோரத்து வயலாக இருந்த நிலத்தில் காற்றுக்கு என்ன குறை? மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வில்லங்கச் சான்றிதழில் தண்ணீருக்கு இடமில்லை.

சொத்து மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் புரோக்கர் சிரித்தார். "முடிச்சூர்ல தண்ணி வரும்னு ஊருக்கே தெரியும் மேடம். பேப்பர்ல போட்டான், டிவில காட்டினான். தெரிஞ்சுதானே வர்றாங்க? நீங்க ஏன் உங்க வாயாலேயே விலையைக் குறைக்கிறீங்க?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்குத் தெரியும் என்றால் அது மறைந்த குறை அல்ல என்று சட்டத்தின் சந்து வழியாக நான் தப்பிக்கலாம். ஆனால் ஊரில் தண்ணீர் வரும் என்று தெரிவது வேறு. இந்த அறையில் இந்த உயரத்துக்கு வந்தது என்று தெரிவது வேறு. முதல் செய்தியைச் செய்தித்தாள் சொல்லும். இரண்டாவது எனக்கு மட்டும்தான் தெரியும். சுவருக்குத் தெரிந்திருந்தது, அதன் வாயை நான் அடைத்துவிட்டேன்.

எங்கே போவது என்று ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். கடல் மட்டத்திலிருந்து உயரம், கோடை வெப்பம், மழை, குடிநீர். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் 400 மீட்டருக்குச் சற்று மேலே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. தென்காசிக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வரும். திருவண்ணாமலைக்குப் போய்விட வேண்டும் என்று தோழிகள் பலர் ஆசைப்படுகிறார்கள்.

பட்டியல் நீள நீள ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி விழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை குறைவு என்று நாம் நினைக்கிற தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஆபத்தே இல்லாத ஊர் என்று ஒன்று இல்லை. ஆபத்து குறைந்த ஊர்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பட்டியலின் தலைப்புகளெல்லாம் ஓர் ஆண் போட்டவை மாதிரி இருந்தன. ஓசூரில் வெயில் எவ்வளவு என்று எழுதியிருந்தேன். ஓசூரில், நாற்பத்தாறு வயதில் புருஷன் இல்லாமல் அம்மாவோடு வருகிற ஒருத்திக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார்களா என்று எழுதவில்லை. "சார் என்ன பண்றார்?" என்பது முதல் கேள்வி. "நீங்க எந்த ஆளுங்க?" என்பது அதையே வேறு வார்த்தையில் சுற்றி வளைத்துக் கேட்கும் இரண்டாவது கேள்வி. இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து உண்டா? தனியார் கல்லூரியில் இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு அங்கே வேலை கிடைக்குமா? அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் தூக்கிப் போக யார் வருவார்கள்? இங்கே வருவார்கள். தண்ணீரில் அவளைத் தூக்கியவர்கள் இந்தத் தெருக்காரர்கள்தான். மேட்டை அளக்கக் கருவி இருக்கிறது. இதை அளக்க எதுவும் இல்லை.

பெண்கள் இடம்பெயர்வது புதிதல்ல. திணை இலக்கணம் நடத்தும்போது வருடாவருடம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். முல்லைக்குக் கார்காலம் பெரும்பொழுது. மழை தொடங்கிவிட்டது, அவன் இன்னும் வரவில்லை என்று வீட்டில் காத்திருப்பாள் தலைவி. பாலையில் உடன்போக்கு. அவனோடு சுரம் கடந்து போவாள். அவன் வரும்வரை ஒரே இடத்தில் இருப்பது, அவன் போகும்போது கூடவே போவது என்று இரண்டு வழிகளைத்தான் பெரும்பாலும் அவளுக்கு வைத்திருந்தார்கள். மழை எங்கே நன்றாக இருக்கும், நான் எங்கே வாழ்வது என்று அவளே நிலத்தைத் தேர்ந்ததாக நான் பாடம் நடத்தியதில்லை. விறலியர் பாணரோடு ஊர் ஊராக நடந்தார்கள், ஆனால் அந்த நடை பசிக்கானது.

அம்மாவின் கதையும் அதுதான். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1974இல் கல்யாணமாகி, ஒரு டிரங்குப் பெட்டியோடு தாம்பரம் ரயில்வே குடியிருப்புக்கு வந்தாள். சாரல் காற்றிலிருந்து இந்தப் புழுக்கத்துக்கு. முதல் சித்திரையில் உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, இரவெல்லாம் விசிறிக்கொண்டே அழுததாகச் சொல்வாள். உனக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளுமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நான் என் பட்டியலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தென்காசி என்றதும் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். "அங்க இப்போ யாரு இருக்கா?" என்றாள். கோயம்புத்தூர் என்றேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ எங்கய்யா முடிவு பண்ணுனாரு. இப்போ நீ முடிவு பண்ணுத. என்னைய யாரு கேட்டா?"

வீட்டுக்கடன் கட்டியவள், பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசுகிறவள், அவள் பாதுகாப்புக்காகவே போகிறேன் என்று நம்பியவள், எல்லோரும் சேர்ந்து அந்த நிமிடம் வாயடைத்துப் போனோம். நல்லதற்குத்தானே என்பது தாத்தாவும் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை.

இதே கேள்வி வகுப்பறையிலும் எனக்காகக் காத்திருந்தது. இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து அவர்கள் குடும்பத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. படிப்பாண்டின் நடுவில் பள்ளி மாறியது. அவள் அம்மா வேலை பார்த்த வீடுகளெல்லாம் சைதாப்பேட்டையில் இருந்ததால் அம்மாவின் வேலையும் போனது. நான் ஊர் மாறப்போவதைக் கேள்விப்பட்டு, "நீங்க எங்க போகலாம்னு யோசிக்கிறீங்கம்மா. எங்களை எங்க வைக்கலாம்னு மத்தவங்க யோசிச்சாங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. வினைமுற்று வேறுபாட்டைச் சொல்வதுபோல் சொன்னாள்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று சொல்லி அவர்களைக் கொண்டுபோன பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நிலம் அது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதியில் சாலைகளும் குடியிருப்புகளும் கணினி நிறுவனங்களும் இருக்கின்றன. பெருமழையில் பெரும்பாக்கத்துச் சாலைகளிலும் தண்ணீர் நிற்கிறது. அவளுக்குப் பத்திரம் இல்லை, விற்க வீடு இல்லை, அதனால் பட்டியலும் இல்லை.

பிஜித் தீவுகளில் வுனிடோகோலோவா என்று ஒரு கிராமம். கடல் உள்ளே வர வர, 2014இல் ஊரே ஒன்றாக இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்குக் குடிபோனது. அங்கேயும் இழப்பு இருந்திருக்கும், முன்னோரின் கல்லறைகளைப் பின்னால் விட்டுவிட்டு யாரும் சிரித்துக்கொண்டே நடப்பதில்லை. ஆனால் அக்கம்பக்கம் கூடவே போனது. நம் ஊரில் இருப்பது இரண்டு வழிகள். பணம் உள்ளவர் தனித்தனியாக வீட்டை விற்றுவிட்டுப் போவார். பணம் இல்லாதவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்லோரையும் கேட்டு, எல்லோரும் சேர்ந்து போகும் மூன்றாவது வழியை நாம் கற்பனைகூடச் செய்யவில்லை.

அதற்காக நான் போகாமல் இருக்க வேண்டுமா? அப்படி நினைக்கவில்லை. நான் இங்கேயே இருந்து நனைவதால் பெரும்பாக்கத்தில் ஒரு வீடும் காயப்போவதில்லை. தியாகம் என்ற பெயரில் பெண்களை இடத்தோடு கட்டிப்போட்ட வரலாறு நமக்கு வேண்டிய அளவு இருக்கிறது. போவது தவறல்ல. நான் போவதற்கான விலையை, அவளுக்குத் தெரியாமலேயே இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டுப் போவதுதான் தவறு. மறைத்து விற்றால் நான் வெள்ளத்திலிருந்து தப்பிக்கவில்லை, அதை இன்னொருத்திக்குக் கிரையம் செய்து கொடுக்கிறேன்.

இன்னொருத்தி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வீடு பார்க்க வரும் ஆண்கள் சதுர அடியும் சாலை அகலமும் கேட்கிறார்கள். விலை பேசி முடித்த பிறகு, சமையலறையைப் பார்க்க மனைவியை அழைத்து வருகிறார்கள். ஆனால் சேற்றை வழித்தெடுத்து, நனைந்த அரிசியைக் கொட்டி, மெத்தையை மாடிக்கு இழுத்து, கழிப்பறை இல்லாத மூன்று நாட்களைச் சமாளிக்கப் போகிறவள் அவள்தான். 2015இல் எங்கள் தெருவில் மொட்டைமாடியில் மாதவிடாய் வந்த பெண்கள் பழைய புடவையைக் கிழித்துக்கொண்டார்கள். அந்த விவரம் எந்தச் சேதக் கணக்கிலும் ஏறவில்லை.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். பேச்சு முடியும் முன்பே அந்தப் பெண்ணையும் உட்காரச் சொல்லி 2015ஐச் சொன்னேன், 2023ஐச் சொன்னேன். அவர்கள் மறுபடி வரவில்லை. புரோக்கர் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. இப்படியே போனால் கிடைக்கும் விலையில் கோயம்புத்தூரில் வீடு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் போக வேண்டும். அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இந்த முறை பட்டியலை வாசிக்கவில்லை. நோட்டை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஓசூரை அடித்துவிட்டாள். "குளிரு எனக்கு ஆகாது" என்றாள். கோயம்புத்தூருக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முன்னறைப் பெயிண்டைச் சுரண்டினேன். சேற்றுக் கோடு சுண்ணாம்போடு உதிர்ந்துவிட்டது. மொட்டைமாடிக்குப் போவதற்கு முன் தண்ணீர் எனக்கு எதுவரை இருந்தது என்று நினைவிருந்தது. அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன்.

மாலையில் ஒரு பெண் தன் மகளோடு வீடு பார்க்க வந்தார். கோட்டைப் பார்த்தார். அதன் அருகே போய் நின்று, உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளையும் நிறுத்திப் பார்த்தார். கோடு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்தது.

"மேல ஒரு ரூம் கட்ட என்ன ஆகும்?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன்.