எந்தப் பிள்ளையும் விடுபடலாகாது

ஒரேவகைப் போதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமென்று எண்ணுவது ஆசிரியரின் சௌகரியமேயன்றி மாணாக்கரின் க்ஷேமமன்று. 2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றினால் கேரளத்துப் பள்ளிகளெல்லாம் அடைபட்டிருந்த சமயத்தில், திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் விக்டர்ஸ் தொலைக்காட்சி ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பாடவரிசையைத் தொடங்கியபோது, முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் குரலும் கையும் அபிநயமுமாகப் பூனைக் கதையொன்றைச் சொல்லி ஓர் ஆசிரியை பாடத்தை ஆரம்பித்தார். வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகளுக்கென நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தமிழ்வழி மாணாக்கருக்குத் தமிழிலேயே பாடங்கள் அமைந்தன. சாதனத்தின் புதுமையைக் காட்டிலும், எந்தப் பிள்ளையும் விடுபடலாகாது என்ற அந்தக் கவலையே, என் அபிப்பிராயத்தில், பெரிதும் மெச்சத்தக்கது. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் சென்ற பின்னும் ஆசிரியப் பெருமக்கள் அக்கவலையைக் கைவிடாதிருக்க வேண்டுகிறோம்.