எல்லைக் கல்லும் ரயில் செலவும்

தென்காசியில் கொல்லம் ரயிலில் ஏறுகிறவர் செங்கோட்டை, பகவதிபுரம் கடந்து ஆரியங்காவு போய்ச் சேர்வதற்குள் மாநிலம் மாறிவிடுகிறது. 1904இல் இந்த மலைப்பாதை திறக்கப்பட்டபோது எல்லை அங்கே இல்லை. தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூரும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்துதான் பாதையைப் போட்டன. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. தண்டவாளம் கிடந்த இடத்திலேயே கிடக்க, எல்லை மட்டும் மேற்கே நகர்ந்தது.

பல அரசுகள் கூடி ஒரு ரயில்பாதை போடும்போது செலவை எப்படிப் பங்கிடுவது நியாயம்? அவரவர் மண்ணில் ஓடும் நீளத்துக்கு அவரவர் பணம் என்பதுதான் முதலில் வரும் பதில். கணக்குப் போட எளிது, தகராறும் குறைவு. ஆனால் செங்கோட்டை–புனலூர் இடையிலான 49 கிலோமீட்டரைப் பார்த்த எவருக்கும் அந்தக் கணக்கு உறுத்தும். மலையைக் குடைந்த சுரங்கங்கள், கழுதுருட்டியில் நிற்கும் பதின்மூன்று கண் பாலம், ஏற்றத்துக்காக வளைந்து வளைந்து போகும் தடம் எல்லாம் அந்தத் துண்டில்தான். அவ்வளவு செலவும் ஆரியங்காவுக்காரர்கள் வசதியாகப் போய்வர வேண்டும் என்பதற்காகவா செய்யப்பட்டது? கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையின் சந்தைகளையும் இணைப்பதற்காகச் செய்யப்பட்டது. மலை தன் பக்கம் நிற்பது எந்த அரசும் செய்த குற்றமன்று. பொதுக்கிணறு வெட்டும்போது பாறை யார் நிலத்தில் தட்டுப்பட்டதோ அவரே வெடிச் செலவைக் கொடுக்கட்டும் என்று எந்த ஊரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

நீளத்தைவிடப் பயனே நேர்மையான அளவுகோல். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிட முடியாது. பயன்பெறுகிறவரே முழுதும் கொடுக்கட்டும் என்றால், கையில் காசில்லாத ஊருக்கு ரயில் என்றைக்கும் வராது. தவிர, பயன் எங்கே இறங்குகிறது, சுமை எங்கே இறங்குகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ரயில் நிலையம் கிடையாது. சாரல் கட்டியதும் தென்காசியிலும் செங்கோட்டையிலும் இறங்குகிற கூட்டம் அருவியைத் தேடித்தான் போகிறது. விடுதிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் அதில் பிழைப்பு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் குப்பையை அள்ளுவதும், கழிப்பறைகளைக் கழுவுவதும், சிற்றாற்று நீர் கெடாமல் பார்ப்பதும் உள்ளூரின் தலையில் விழுகிறது. சுரங்கத்துக்கும் பாலத்துக்கும் மதிப்பீடு போடுகிற எந்தத் திட்ட அறிக்கையும் இதையும் சேர்த்துப் போட்டால்தான் அது முழுக்கணக்கு. துப்புரவுப் பணியாளரின் கூடுதல் வேலையைச் செலவு என்றே எழுதாமல் விடுவது அநீதி.

பங்கு தர மறுக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டா? உண்டு, எப்போது மறுக்கிறது என்பதைப் பொறுத்து. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்குப் ‘பார்ட்’ ரயில் திட்டம் உருவானபோது, சான் மட்டேயோ கவுண்டி 1961இல் விலகிக்கொண்டது. எங்களுக்கு ஏற்கெனவே ரயில் இருக்கிறது, புதிதாக ஏன் வரி என்பது அதன் வாதங்களில் ஒன்று. கடப்பாரை மண்ணில் படும் முன்பே வெளிப்படையாகச் சொன்ன மறுப்பு அது. அதைக் குறுகிய பார்வை என்று சொல்லலாம், வஞ்சகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வரி தருவோர் தொகை சுருங்கியதால் அடுத்த ஆண்டே மரின் கவுண்டியும் வெளியேற நேர்ந்தது. ஒருவரின் நியாயமான மறுப்புகூட இன்னொருவரின் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

டெல்லியைச் சுற்றிய மண்டல விரைவு ரயில் திட்டத்தில் நடந்தது வேறு. தன் பங்கைத் தர நிதியில்லை என்றது டெல்லி அரசு. மூன்று ஆண்டுகளில் விளம்பரத்துக்கு 1,000 கோடி ரூபாய்க்கு மேல் அது செலவிட்டிருந்தது 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரியவந்தது. 415 கோடியைத் தராவிட்டால் விளம்பர நிதி திருப்பிவிடப்படும் என்று நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. கூட்டுத் திட்டத்தில் இருந்துகொண்டே கையை மூடிக்கொள்வது, மற்றவர்கள் போட்ட பணத்தைப் பிணையாகப் பிடிப்பதற்குச் சமம்.

தாமதத்தின் விலையைக் கொடுப்பவர்களோ பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படாதவர்கள். அகலப்பாதைப் பணிக்காகச் செங்கோட்டை–புனலூர் பாதை 2010இல் மூடப்பட்டு 2018இல்தான் முழுமையாகத் திறந்தது. மலைவேலை கடினம், ஒத்துக்கொள்ளலாம். அந்த எட்டு ஆண்டுகளும் ரயில் கட்டணத்தில் போய்வந்தவர்கள் பஸ் கட்டணம் கொடுத்து மலை ஏறி இறங்கினார்கள். தாமதம் செலவையும் ஏற்றிவிடுகிறது. சபரிமலைப் பக்தர்களுக்காகக் கேரளத்தில் திட்டமிடப்பட்ட அங்கமாலி–எருமேலி சபரி ரயில்பாதை 1997–98இல் அனுமதி பெற்றபோது அதன் மதிப்பு 517 கோடி; பாதிச் செலவை ஏற்கக் கேரளம் 2021இல் இசைந்தது; பிந்தைய மதிப்பீடு 3,800 கோடியைத் தாண்டிவிட்டது.

அந்தச் சபரி பாதையைப் புனலூர் வரை நீட்டும் யோசனை கேரளத்தில் இருக்கிறது. நீட்டினால் தென்காசி வழியே போகும் ஐயப்ப பக்தர்கள் எருமேலியிலேயே போய் இறங்கலாம். அதில் ஒரு கிலோமீட்டர்கூடத் தமிழ்நாட்டு மண்ணில் வராது. இருந்தாலும் தமிழ்நாடு ஒரு பங்கு தருவதே நியாயம். அந்த வழியில் நடந்து தேய்ந்த கால்களில் பெரும்பாலானவை நம்முடையவை. பங்கு தந்தவர்களாக, ரயில் எந்த நேரத்தில் ஓடுவது, எங்கே நிற்பது என்று முடிவாகும் கூட்டத்தில் தென்காசியின் பேச்சும் எடுபட வேண்டும். வருகிற கூட்டத்தைச் சுமக்கும் ஊர்களுக்கு, குற்றாலம் உட்பட, ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.