எண் சொல்வதும் சொல்லாததும்

நோயுற்றவரிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது பழைய வினா. இன்று அது ஓர் எண்ணின் உருவில் நம் இல்லங்களுக்குள் வந்து நிற்கிறது.

எம் தமக்கையார் புற்றுநோயுற்றிருந்த காலத்தில், அவருடைய குருதிப் பரிசோதனைத் தாளை மருத்துவர் எம் கையில் தந்து, "இரண்டு அளவுகளும் நன்றாக இல்லை" என்றார். அன்று மாலை தமக்கையார், "ரிப்போர்ட்டில் என்னம்மா வந்திருக்கிறது?" என்று வினவினார். "ஒன்றுமில்லை அக்கா, தேறிவிடும்" என்றோம். அவர் எம் முகத்தைச் சற்று நோக்கினார். அதன்பின் ஒருநாளும் கேட்டிலர்.

அவ்வளவுகள் யாவை? காயமோ தொற்றோ நேர்ந்த இடம் சிவந்து வீங்கி வலிப்பதை அழற்சி என்பர். புற்றுநோய்க் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்கோ, அந்நோய்க்கும் அழற்சிக்கும் தொடர்புண்டு என 1863இல் கருதினார். 1930இல் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், நிமோனியா நோயாளரின் குருதியில் சி-ரியாக்டிவ் புரதம் கண்டறியப்பட்டது. அழற்சி மிகும்போது கல்லீரல் இதனை மிகுதியாக ஆக்குகிறது. ஆல்புமின் என்னும் மற்றொரு புரதமோ குறைகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2003இல், அறுவைக்கு இடமில்லாத நுரையீரல் புற்றுநோயாளரிடம் இவ்விரண்டையும் இணைத்து நோக்கினர். முன்னது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படின் ஒரு மதிப்பெண்; பின்னது 35 கிராமுக்குக் குறையின் ஒரு மதிப்பெண். இரண்டும் பெற்றோர், ஒன்றும் பெறாதோரைவிடப் பொதுவாகக் குறைந்த காலமே வாழ்ந்தனர். பிற புற்றுநோய்கள் பலவற்றிலும் பின்னர் இவ்வாறே காணப்பட்டது.

ஆண்டுகள் பல மதிப்பெண் அளித்தே வாழ்ந்தவர் யாம். ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: வகுப்பின் சராசரி வகுப்பைப் பற்றிய செய்தி, எந்தவொரு மாணாக்கரின் தலையெழுத்தும் அன்று. மேற்சொன்ன மதிப்பெண்ணும் அத்தகையதே. அது கூட்டத்தின் போக்கைக் கூறும். இவர் எந்நாள் வரை இருப்பார் என்று கூறாது. பல் ஈறில் சீழ் கோத்தாலும் அப்புரதம் உயரக்கூடும்.

அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் அரியதொரு வயிற்றுப் புற்றுநோய் கண்டது. அந்நோயுற்றோரில் பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள் இறப்பர் என நூல்கள் கூறின. எஞ்சிய பாதியினர் எத்துணைக் காலம் வாழ்ந்தனர் என்று அவர் ஆராய்ந்தார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எல்லார்க்கும் இவ்வாறே அமையும் என்பதன்று. ஆயினும் எண்ணை முழுதும் அறிந்தமையால், அதற்குள் தமக்கிருந்த இடத்தையும் அவரால் காண முடிந்தது. அவ்வாய்ப்பை எம் தமக்கையாருக்கு யாம் மறுத்தோம்.

"உண்மை அவரை வருத்துமே, வருத்துவது இம்சையன்றோ?" எனக் கேட்கலாம். அன்று எம் உள்ளத்து எழுந்த வாதமும் இதுவே. இன்று எண்ணிப் பார்க்கையில், அவர் துயரைக் காண அஞ்சிய எம் அச்சமே கருணையின் உடை உடுத்தி நின்றது எனத் தெளிகிறோம். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தோம். சாத்திர தானமாக அளிக்க எண்ணிய நூல்களின் பட்டியல் அவர் கையெழுத்தில் பாதியில் நின்றிருந்தது. நாள் குறைவு என்று அறிந்திருப்பின் முடித்திருப்பாரோ?

ஒரு நயத்தால் கண்டதை முழுப்பொருள் எனக் கொள்ளலாகாது என்பது நம் முன்னோர் நெறி. எண்ணை மறைப்பதும் பிழை. அதனையே தீர்ப்பென உரைப்பதும் பிழை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் நோயுற்றவரையே கேட்போம். அவர் விரும்பிய அளவிற்கு, எண் சொல்வதையும் அது சொல்லாததையும் சேர்த்தே சொல்வோம். தொற்று உளதா, உணவு செல்கிறதா, வலி தணிந்ததா என மேலும் கூர்ந்து பேண அவ்வெண் நம்மைத் தூண்டட்டும்.

சொன்னபின் எழுந்து போகாமல் அருகில் அமர்ந்திருப்போம். யாம் அன்று செய்யத் தவறியது அது.