வெட்டும் ஒட்டும்

மூன்று குப்பி இருந்த இடத்தில் ஒன்பது குப்பி எப்படி வந்தது? இந்த ஒரு சந்தேகத்தால் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கெட்டுப் போயிற்று.

என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினாறு வயது. பிளேஸ்டேஷன் 4 என்ற பெட்டியில் 'பிளட்போர்ன்' ஆடுகிறான். 2015இல் ஜப்பானில் உருவான ஆட்டம்; இரக்கமே இல்லாதது. காஸ்காய்ன் என்றொரு பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் கோடாரியுடன் எதிர்ப்படுகிறார். உயிர் குறையக் குறைய மனித உருவம் நீங்கி மிருகமாகிவிடுகிறார். அவரிடம் தோற்றால் மறுபடி முதலிலிருந்து. காயம் ஆற்றிக்கொள்ளச் சில இரத்தக் குப்பிகள் உண்டு. மீதி எத்தனை என்பது திரையின் இடது மூலையில் தெரியும்.

பையன் ஆடுவதோடு நிற்பதில்லை. ஆடுவதைப் பதிவும் செய்கிறான். பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கம்பியை நடுவில் மறித்து 'கேப்சர் கார்டு' என்ற சிறு கருவியை வைத்திருக்கிறான். படம் அங்கே இரண்டாகப் பிரிந்து ஒன்று தொலைக்காட்சிக்கும் மற்றொன்று கணினிக்கும் போகிறது. முதல் நாள் கணினியில் ஒன்றுமே விழவில்லை. எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புப் பூட்டு குறுக்கே நின்றது. அமைப்புகளுக்குள் போய் அதை நீக்கிய பிறகுதான் படம் வந்தது. "கணினித் திரையைப் பார்த்து ஆடக் கூடாது, தாத்தா. அதில் கொஞ்சம் தாமதமாக வரும். அடி விழுந்த பிறகுதான் கோடாரி தெரியும்" என்றான். ஒரு மணி நேர ஆட்டம் பதினெட்டு ஜிகாபைட் இடம் பிடிக்கிறதாம். ஆறு நாள் தோல்விகள் அப்படிச் சேர்ந்திருந்தன.

ஞாயிறன்று வெட்டித் தொகுத்த நாலு நிமிஷப் படத்தைப் போட்டுக் காட்டினான். ஓர் அடிகூடப் படாமல் பாதிரியாரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர் மிருகமானதும் அடித்து வீழ்த்தினான். நானும் கைதட்டினேன். பல வருஷம் அச்சுப்படி திருத்திய கண் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. குப்பி மூன்று என்று இருந்தது ஒன்பது ஆகியிருந்தது.

கேட்டேன். அவன் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் பாதியை அற்புதமாக ஆடிவிட்டு மிருகத்திடம் தோற்றிருக்கிறான். வியாழக்கிழமை தட்டுத் தடுமாறி ஆடி ஜெயித்திருக்கிறான். நொடிக்கு முப்பது படம் ஓடுகிற ஆட்டத்தில் ஒரு படம் பிசகாமல் இரண்டையும் ஒட்டியிருக்கிறான்.

"இரண்டும் நான் ஆடினதுதானே, தாத்தா?"

பதில் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. வெட்டுவது பாவம் என்று நாவல் எழுதுகிறவன் சொல்ல முடியுமா? முப்பது பக்கம் எழுதிப் பதினெட்டைக் கிழித்துப் போடுகிற பிழைப்பு என்னுடையது. ஒட்டுவதும் பாவமல்ல. சிவாஜி வாயசைக்க சௌந்தரராஜன் பாடினார்; நம்மில் யாரும் ஏமாந்து போகவில்லை. குரல் யாருடையது என்று அறிந்தே கைதட்டினோம். ஆட்டங்களை வெகு வேகமாக ஆடி முடிப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் 'ஸ்பீட் டெமோஸ் ஆர்க்கைவ்' ஒரே மூச்சில் ஆடியதையும் துண்டு துண்டாக ஆடிச் சேர்த்ததையும் தனித்தனி வகைகளாகவே வைத்தது. துண்டாக ஆடியதில் அவர்களுக்கு வெட்கமில்லை. துண்டு என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் ஒட்டியவர்களைப் பின்னணி ஒலி அறுபடும் இடத்தை வைத்தே பிடித்ததும் உண்டு.

இதையெல்லாம் பையனிடம் அழகாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மேஜை அறையில் ஒரு கடிதம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் காலமானார். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனதும் என் புத்தகங்களை எடைக்குப் போட விட்டுவிடாதே" என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று முடித்திருந்தேன். படித்துக் கலங்கியதாகப் பல வாசகர்கள் எழுதினார்கள். நண்பரின் மனைவியும் எழுதினார்.

அந்த வார்த்தையை அவர் சொன்னது நிஜம். சொன்னது மூன்று வாரம் முன்பு, திண்ணையில், வெற்றிலை போட்டுக்கொண்டே, சிரித்தபடி. கடைசி நாள் நான் போனதும் நிஜம். கையைப் பிடித்ததும் நிஜம். இரண்டும் அவருடையதுதானே என்று ஒட்டினேன். ஒட்டுகிறோம் என்று தோன்றக்கூட இல்லை, அவ்வளவு இயல்பாக வந்து பொருந்தியது. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்றைக்கு அவர் பேசவே இல்லை என்று நினைத்துத்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தோம். உங்களிடம் பேசியவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனார் என்று என் மகள் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் பதில் போடவில்லை.

"இடம் போதவில்லை, தாத்தா. பழைய பதிவுகளை அழித்துவிடட்டுமா?" என்று பையன் கேட்டான். இரு என்றேன். வியாழக்கிழமை ஆட்டத்தை முழுதாகப் போடச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டான். கல்லறைகளில் முட்டிக்கொண்டு, குப்பிகளை வீணடித்து, ஓடி ஒளிந்து, பார்க்கச் சகிக்காத ஆட்டம். மிருகம் விழுந்தபோது ஒரேயொரு குப்பி மிச்சம் இருந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன்.

அவன் எந்தப் படத்தை வைத்துக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. என் நண்பரைப் பற்றிய கட்டுரையின் அச்சுப்படி புதிய தொகுப்புக்காக வந்திருக்கிறது. கடைசிப் பாராவை அடித்துவிட்டு, திண்ணையையும் வெற்றிலையையும் எழுதினேன். கடைசி நாள் அவர் ஒன்றும் பேசவில்லை என்று அதற்குக் கீழே எழுதி, அந்த அம்மாளுக்கும் ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன்.